எழுத்தில் எழும் நிலவு

ஜப்பானியர் கொண்டாடும் விழாக்களுள் ஒன்றனுக்கு ‘ட்சுகிமி’ என்று பெயர். ட்சுகி என்றால் நிலவு. மி என்றால் காண்டல். நிலவைக் காண்டல் என்பதே அவ்விழாவின் பெயர். அதுவே அவ்விழாவின் செயலும் ஆகும். தேரில்லை, ஊர்வலமில்லை, வாணவேடிக்கையில்லை. இலையுதிர் காலத்து முழுநிலவை எதிர்நோக்கி அமர்ந்து, அதனைக் கண்ணாரக் கண்டு மகிழ்வதோடு விழா நிறைவுபெறுகிறது.

மாணவ நேயர்களே, அந்த விழாவைப் பற்றியும், அதனை இக்காலத்து ஜப்பானியர் தம் கைத்தொலைபேசிகளில் சில எழுத்துக் குறிகளைக் கொண்டே எழுப்பிக் காட்டும் விந்தையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விளையாட்டாகத் தோன்றும் இந்தச் செய்தியினுள்ளே, எழுத்தைப் பற்றியும் அதைப் படிப்பவரைப் பற்றியும் ஓர் உண்மை அடங்கிக் கிடக்கிறது என்பது என் கருத்து. ஒரு தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவற்றுக்கு வேலை வரும்.

முதலில் விழாவைப் பார்ப்போம். பழைய சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் இரவே ட்சுகிமிக்கு உரிய இரவு. ‘ஜூகோயா’, அதாவது பதினைந்தாம் இரவு, என்றே அதனை அழைப்பர். இவ்வழக்கம் சீன நாட்டிலிருந்து சென்றது. கி.பி. 794 முதல் 1185 வரை நீடித்த ஹெயான் காலத்தில் அரசவையினர் இதனைப் பெரிதும் போற்றினர். கியோட்டோ நகரில் டைககுஜி என்னும் கோயிலை ஒட்டி ஓசாவா என்ற பழைய குளம் ஒன்று இருக்கிறது. நிலவொளியில் அதன்மீது படகு செலுத்தி மகிழும் வழக்கம் இன்றும் உண்டு. வானத்து நிலவு ஒன்று, நீரில் ஆடும் நிலவு ஒன்று என, படகில் இருப்போர்க்கு இரண்டு நிலவுகள் கிடைத்துவிடுகின்றன.

அரசவையில் பிறந்த வழக்கம் நாளடைவில் உழவர் வீடுகளுக்கும் வந்தது. அங்கே அது அறுவடைக்கு நன்றி கூறும் விழாவாயிற்று. நாணலைப் போன்ற ‘சுசுகி’ என்னும் நெடும்புல்லை ஒரு சாடியில் செருகி வைப்பர். புதிதாய் அகழ்ந்த சேப்பங்கிழங்கைப் படைப்பர். இதனால் அந்த இரவின் நிலவுக்குக் ‘கிழங்கு நிலவு’ என்ற பொருளில் ஒரு செல்லப் பெயரும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது ‘டாங்கோ’ என்னும் உருண்டை. அரிசி மாவைப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து எடுப்பது அது. உள்ளே பூரணம் வைக்காத நம் கொழுக்கட்டையைப் போன்றது. பதினைந்தாம் இரவுக்குப் பதினைந்து உருண்டைகள். கீழ் வரிசையில் 9, நடுவில் 4, உச்சியில் 2 என அடுக்குவர். உச்சியில் உள்ள இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், முன்னிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று கோபுரம்போல் தெரியும். இந்தக் கோபுரத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனை நாம் கட்டப்போகிறோம்.

1873-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பான் மேனாட்டு நாள்காட்டியை மேற்கொண்டது. ஆயினும் இவ்விழா மட்டும் பழைய சந்திரனையே பின்பற்றுகிறது. ஆதலின் அது ஆண்டுதோறும் நாள் மாறி, செப்டம்பர் முற்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையில் எங்கேனும் ஒரு நாளில் வரும். 2025-ஆம் ஆண்டில் அது அக்டோபர் 6-ஆம் நாள் வந்தது. வானியற் கணக்குப்படி நிலவு முழுமையடைந்ததோ மறுநாள். விழா நாளின் நிலவு அணுவளவு குறைவாயிருந்தாலும் அதனை முழுநிலவென்றே கொண்டு மகிழ்வதில் அவர்களுக்குத் தடையில்லை.

இன்னும் ஒன்று. அடுத்த திங்களின் பதிமூன்றாம் இரவில் மற்றொரு நிலவுக் காட்சியும் உண்டு. இது ஜப்பானியர் தாமே கண்ட வழக்கம். முழுமைக்குச் சற்றுக் குறைந்த நிலவை வேண்டுமென்றே போற்றும் இரவு அது. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது விடுதல் நன்றன்று என்பது பழைய நம்பிக்கை.

நிலவு நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழுகிறது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தாமதத்தையும் ஜப்பானியர் பெயராக்கியிருக்கிறார்கள். பதினாறாம் இரவின் நிலவு ‘தயங்கும் நிலவு’. பதினேழாம் இரவில் ‘நின்று காத்திருக்கும் நிலவு’. பதினெட்டில் ‘அமர்ந்து காத்திருக்கும் நிலவு’. பத்தொன்பதில் ‘படுத்துக் காத்திருக்கும் நிலவு’. காத்திருப்பவர் முதலில் நிற்கிறார், பிறகு அமர்கிறார், முடிவில் படுத்தே விடுகிறார்! விழா இரவில் முகில் மூடி நிலவே தெரியாமற் போனால் என்ன செய்வது? அதற்கும் பெயர் உண்டு: ‘முகெட்சு’, நிலவில்லா இரவு. மழை பெய்தால் ‘உகெட்சு’, மழை நிலவு. காணக் கிடைக்காத நிலவுக்கும் பெயர் சூட்டிய இந்த மனப்பான்மையைக் கருத்தில் இருத்துங்கள்.

நிலவில் என்ன தெரிகிறது? ஜப்பானியக் குழந்தையைக் கேட்டால் முயல் என்று சொல்லும். அந்த முயல் சும்மா இராது. உரலில் இட்ட சோற்றை மரச் சம்மட்டியால் இடித்து ‘மோச்சி’ என்னும் பண்டம் செய்துகொண்டிருக்கும். முழுநிலவைக் குறிக்கும் பழஞ்சொல் ‘மோச்சிசுகி’. மோச்சி இடித்தலைக் குறிக்கும் சொல் ‘மோச்சிட்சுகி’. இந்த ஒலி ஒப்புமையே முயலுக்கு அவ்வேலையைத் தந்தது என்று கூறுவாரும் உளர். முயல் நிலவுக்குப் போன கதையோ நம் நாட்டிலிருந்து சென்றது. பசித்து வந்தவனுக்குக் கொடுக்கப் புல்லன்றி வேறொன்றும் இல்லாத முயல், தன் உடலையே உணவாகத் தர நெருப்பில் பாய்ந்தது என்றும், அதன் ஈகையை உலகம் மறவாதிருக்க அதன் உருவம் நிலவில் பொறிக்கப்பட்டது என்றும் புத்த சாதகக் கதை கூறும். பௌத்தத்தோடு கடல் கடந்த இக்கதை ஜப்பானிய நூல்களிலும் இடம்பெற்றது. சந்திரனுக்குச் சசாங்கன் என்று நாம் வழங்கும் பெயரும், நிலவின் களங்கத்தைக் குறிக்கும் முயற்கறை என்னும் தமிழ்ச் சொல்லும் அந்த முயலின் உறவினர்களே.

இனி, எழுத்துக் குறிகளுக்கு வருவோம்.

நேரிற் பேசும்போது நம் முகம் பேச்சுக்குத் துணை நிற்கிறது. அச்செழுத்தில் முகம் இல்லை. கணிப்பொறி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியவர்கள் இக்குறையை விரைவில் உணர்ந்தார்கள். 1982-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் பால்மன் ஒரு வழி கூறினார். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டால், தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பவர்க்கு அது சிரிக்கும் முகமாகத் தெரியும். வேடிக்கையாகச் சொன்னதை வேடிக்கை என்று காட்ட இதனை இடுங்கள் என்றார் அவர்.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 1986-இல், ஜப்பானின் ஆஸ்கி நெட் என்னும் கணிப்பொறித் தொடர்பு வலையில் வேறு வகையான முகம் ஒன்று தோன்றியது. அதனை இட்டவர் வகபயாஷி யசுஷி என்பவர். இப்போது பென்சிலை எடுங்கள். இடப்பக்க அடைப்புக்குறி ஒன்று போடுங்கள். அடுத்து, கூரை முகடுபோன்ற சிறு குறி ஒன்று. அதன் பக்கத்தில் அடிக்கோடு. மீண்டும் ஒரு கூரை முகடு. முடிவில் வலப்பக்க அடைப்புக்குறி. என்ன தெரிகிறது? கண்கள் இரண்டும் மேல்நோக்கி வளைந்து மகிழ்கின்ற ஒரு முகம், தலையைச் சாய்க்க வேண்டாமலே நேராக நம்மைப் பார்க்கிறது அல்லவா? இத்தகைய முகங்களுக்குக் ‘காவோமோஜி’ என்று பெயர். காவோ என்றால் முகம். மோஜி என்றால் எழுத்து.

அமெரிக்க முகத்தில் சிரிப்பு வாயில் இருக்கிறது. ஜப்பானிய முகத்தில் அது கண்ணில் இருக்கிறது. மசாக்கி யூக்கி என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பிறர் முகத்திலிருந்து உணர்ச்சியை அறியும்போது, ஜப்பானியர் கண்களுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் மிகுதியான மதிப்புத் தருகின்றனர் என்று அவர்கள் கண்டனர்.

முகம் வந்துவிட்டது. முயலை வரவழைப்போம். தாளில் இரண்டு வரிகள் வேண்டும். மேல் வரியில், தலைகீழாகக் கவிழ்த்த குதிரை லாடத்தைப் போன்ற குறி இரண்டு இடுங்கள். கணிதத்தில் இரு கணங்களின் வெட்டினைக் குறிக்க நீங்கள் எழுதும் குறிதான் அது. கீழ் வரியில் அடைப்புக்குறி, ஒரு புள்ளி, ஒரு பெருக்கற் குறி, மீண்டும் ஒரு புள்ளி, அடைப்புக்குறி. மேலே நிமிர்ந்த இரு காதுகள். கீழே இரு கண்கள். நடுவே இறுக மூடிய சிறு வாய். முயல் வந்துவிட்டது. பெருக்கற் குறிக்கு மாறாக ஒமேகா என்னும் கிரேக்கச் சிற்றெழுத்தை இட்டால், வாயின் இரு பக்கமும் உப்பி, முயல் இன்னும் குழைவு பெறும்.

முயலுக்கு அருகில் ஒரு வட்டம் இடுங்கள். அதுவே நிலவு. இனி, ஒரு வட்டம், அதன்கீழ் இரண்டு, அதன்கீழ் மூன்று. நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன உருண்டைக் கோபுரம் எழுந்துவிட்டது. ஒரே வரியில் எழுத வேண்டுமானால், ஒரு கோடு கிழித்து அதன் முனையில் மூன்று வட்டங்களை வரிசையாக இடுவர். குச்சியில் கோத்த டாங்கோ அது. அதனை முயல் எப்படிப் பிடிக்கும்? ஜப்பானிய எழுத்துக்களில் ‘ட்சு’ என்பது, முன்னே நீட்டி வளைத்த கைபோல் இருக்கும். அதனை முகத்தின் பக்கத்தில் வைத்தால் கை நீண்டுவிடும். ட்சுகி என்னும் சொல்லின் முதல் எழுத்தும் அந்த ‘ட்சு’ தான்! நிலவின் பெயரில் ஒலியாக நின்ற எழுத்து, நிலவுக்குப் படைக்கும் உருண்டையை ஏந்தும் கையாகவும் ஆகிவிடுகிறது.

கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் ஜப்பானியர் கைக்கு எப்படிக் கிடைத்தன? இங்கே ஒரு வரலாறு உண்டு. ஆயிரக்கணக்கான எழுத்துக்களைக் கொண்ட மொழியைக் கணிப்பொறியில் ஏற்றுவது எளிதன்று. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழில்துறைத் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. அதில் 6,802 குறிகளுக்கு எண்கள் தரப்பட்டன. தம் எழுத்துக்களோடு கிரேக்க எழுத்துக்களையும், ருசிய எழுத்துக்களையும், வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களையும் அவர்கள் அதில் சேர்த்தனர். 1983-இல் திருத்தியபோது கணக் குறிகளும் சேர்ந்தன. அறிவியல் நூல் அச்சிடவும் அலுவலகக் கடிதம் எழுதவும் ஆகும் என்று பேரவையில் இடம்பெற்ற குறிகள் அவை. அவற்றை முயலின் காதாகவும் வாயாகவும் கண்டவர் பொதுமக்கள். பின்னாளில் உலக மொழிகள் யாவும் ஒருங்குறி என்னும் ஒரே ஏற்பாட்டில் இடம்பெற்றபோது, இவ்விளையாட்டும் நாடு கடந்தது. கன்னட மொழியின் ட வரிசையில் இரண்டாவதாக வரும் எழுத்து, விழித்த கண்போல் தோன்றவே, முறைத்துப் பார்க்கும் முகம் ஒன்றுக்கு அது கண்ணாகி உலகமெங்கும் உலவலாயிற்று!

ஒரு பொருளை மற்றொரு பொருளாகக் காணும் இந்தப் பழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஜப்பானியக் கலையில் அதற்கு ‘மிதாதே’ என்று பெயர். கோயில் முற்றத்தில் வெண்மணலைப் பரப்பி அதனைக் கடல் என்பர். நடுவே ஒரு கல்லை நட்டு மலை என்பர். சாதாரண உணவுக் கடையிலும் இதனைக் காணலாம். சூடான சாற்றில் இட்ட கோதுமை நூலுணவின்மீது பச்சை முட்டை ஒன்றை உடைத்து ஊற்றி, அதற்கு ‘ட்சுகிமி உதோன்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். மஞ்சட்கரு நிலவு, அதைச் சூழும் வெண்கரு முகில். கிண்ணத்தில் நிலவைக் கண்ட கண்கள் எழுத்துக் குறியில் முயலைக் கண்டது வியப்பன்று.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். ‘இவை சிறுபிள்ளை விளையாட்டல்லவா? நன்றாக நான்கு வரி எழுதத் தெரிந்தவர்க்கு இக்குறிகள் எதற்கு? நிலவைக் காண வேண்டிய இரவில் கைப்பொறியைக் காண்பதா விழா?’ இவை தள்ளிவிடத்தக்க கேள்விகளல்ல. குறை வேறும் உண்டு. பார்வையற்றோர்க்கு எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த முயல் தெரியாது. அடைப்புக்குறி, புள்ளி, பெருக்கற் குறி என்று ஒவ்வொன்றாக ஓதிச் செல்லும். முயல் அங்கே இறந்துவிடும். ஆதலின் சொல்ல வேண்டியதைச் சொல்லாற் சொல்லிவிட்டு, குறியை அதற்குத் துணையாக வைப்பதே முறை. நிலவைச் சுட்டும் விரல் நிலவாகாது என்பது பௌத்தர்களின் பழைய அறிவுரை. விரலையே பார்த்துக்கொண்டு நின்றால் இழப்பு நமக்குத்தான்.

எனினும் குறியை நான் இகழமாட்டேன். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

1687-ஆம் ஆண்டில் பாஷோ என்னும் பெருங்கவிஞர், இலையுதிர் கால நிலவைக் காண்பதற்கென்றே காஷிமா என்னும் ஊருக்குப் பயணம் செய்தார். அந்த இரவில் மழை பெய்தது. தமக்கு அறிமுகமான துறவி ஒருவர் இருந்த கோயிலில் அவர் தங்கினார். விடியும் தறுவாயில்தான் வானம் சற்றுத் தெளிந்தது. வந்த காரியம் முழுதும் கைகூடவில்லை என்று அவர் அப்பயணத்தை மறந்துவிடவில்லை. அதனைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். காணாத நிலவும் எழுத்தில் நிலைபெற்றது. பெரும் புலவர் நூலால் செய்ததைப் பொதுமக்கள் ஒரு வரியால் செய்கிறார்கள். தலைநகரில் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே வேலை பார்க்கும் மகனுக்கு வானமே குறுகலாகத் தெரியும். சுசுகிப் புல்லுக்கு அவன் எங்கே போவான்? முகில் மூடிய இரவில், ஊரில் இருக்கும் தாய்க்கு அவன் ஒரு வட்டமும் ஒரு முயலும் அனுப்புகிறான். அவ்வளவே செய்தி. இன்று எந்த இரவு என்பதை நான் மறக்கவில்லை என்பது அதன் பொருள். மறந்திருந்தால் அந்த வட்டம் அவனுக்குச் சுழியமாக இருந்திருக்கும், நிலவாக இருந்திராது.

இதுவே நான் சொல்ல வந்த உண்மை. ஒரு வட்டமும் இரண்டு புள்ளிகளும் தாமாக எதையும் காட்டுவதில்லை. எழுதியவர் பாதியைத் தருகிறார். மறுபாதியைப் படிப்பவர் தம் நினைவிலிருந்து எடுத்து நிரப்புகிறார். முயற்கதை தெரியாதவர்க்கு அது முயலன்று. உருண்டை அடுக்கத் தெரியாதவர்க்கு அது வெறும் ஆறு வட்டம். பாட்டி சொன்ன கதை, தாய் பிசைந்த மாவு, அறுவடை முடிந்த வயல் ஆகியவை உள்ளத்தில் இருக்கும் வரையில்தான் அக்குறி உயிரோடிருக்கும். அவை மறையுமானால், குறி பொறியில் அப்படியே இருக்க, பொருள் மட்டும் போய்விடும்.

இன்று ஆயத்தப் படங்களும் வந்துவிட்டன. 1999-இல் ஷிகெதாகா குரிதா என்பார் டோகோமோ நிறுவனத்துக்காக 176 சிறு படங்களை அமைத்தார். ‘ஈமோஜி’ என்று வழங்கும் அத்தகைய படங்கள் 2010-இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. புல்லும் உருண்டையும் நிலவும் கொண்ட ட்சுகிமிப் படமும் அவற்றுள் ஒன்று. ஒருமுறை தொட்டால் போதும், விழா முழுவதும் வந்துவிடும். எளிமை நன்றே. ஆயினும் அந்தப் படம் எல்லோர்க்கும் ஒன்றே. கையாற் கோத்த முயலிலோ, காது சற்றுச் சாய்ந்திருக்கலாம், வாய் மாறியிருக்கலாம், உருண்டை ஒன்று குறைந்திருக்கலாம். ஒன்றை யாரோ தின்றுவிட்டார் என்று படிப்பவர் சிரிக்கலாம். கடையில் வாங்கிய பலகாரத்துக்கும் வீட்டில் உருட்டிய பலகாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நேயர்களே, வானொலியில் உருவத்தைக் காட்ட இயலாது. நான் சொன்னவை சொற்கள் மட்டுமே. ஆயினும் உங்கள் தாளில் இப்போது ஒரு முயல் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நிலவும் ஆறு உருண்டைகளும் இருக்கின்றன. அவற்றுள் பாதியை நீங்களே செய்தீர்கள். நிலவு தெளிவாய்த் தோன்றும் ஓர் இரவில் வெளியே வந்து, அதன் முகத்தில் அந்த இரு காதுகளும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.